தென்காசியிலிருந்து வர்க்கலா அலைக்கு: முதல் சர்ஃபிங் போர்டு எப்படி இருக்கணும்? உயரத்தை விட எடைதான் முக்கியம்!

தென்காசியில் கடல் இல்லை. ஆனா செங்கோட்டை, புனலூர் வழியா கொல்லம் போய், அங்கிருந்து ரயிலில் வர்க்கலா இறங்கினால் சர்ஃபிங் கத்துக்கலாம். பலரும் தடுமாறுவது எந்த போர்டில் தொடங்குவது என்பதில்தான்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தப் போட்டியின் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு இதுவே முதல் பதக்கம். அதுபோன்ற போட்டி வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 'அதே மாதிரி சின்ன போர்டு வேணும்'னு கேட்டால் சிக்கல் ஆரம்பம்.

சின்ன போர்டு ஏன் வேண்டாம்?

போட்டிகளில் பார்க்கும் ஷார்ட்போர்டு சுமார் 6 அடி நீளம்தான். மெல்லிசு, கூர்மையான முனை. நல்லா பழகியவர் அதில் சட்டென்று திரும்புவார். புதுசா ஏறுபவருக்கு அது தண்ணீரில் பாதி மூழ்கிவிடும். கையால் துடுப்பு போட்டும் வேகம் கிடைக்காது, அலை கடந்து போயிடும். எழுந்து நிற்கும் கட்டமே வராது.

லிட்டர் கணக்கு என்றால் என்ன?

போர்டில் நீளம், அகலம், தடிமனோடு சேர்த்து 'லிட்டர்' என்று ஒரு எண்ணும் போட்டிருப்பார்கள். போர்டின் மொத்த கன அளவு அது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் ஒரு கிலோ. எனவே லிட்டர் கூடக் கூட, போர்டு அதிக எடையைத் தாங்கி மிதக்கும். கிணத்துல நீச்சல் பழகும்போது முதுகுல காலி கேன் கட்டிவிடுவாங்களே, அதே கதைதான். 80 லிட்டர் போர்டு என்பது நாலு காலி 20 லிட்டர் தண்ணி கேனுக்குச் சமம்.

புதியவர்களுக்கான பொதுவான கணக்கு: உங்க எடை எத்தனை கிலோவோ, குறைந்தது அத்தனை லிட்டர். 55 கிலோ என்றால் 55 லிட்டருக்கு மேல். 80 கிலோ என்றால் 80-க்கு மேல். கொஞ்சம் கூடுதலா இருந்தா தப்பில்லை, குறைவா இருந்தாதான் கஷ்டம். இதுவே கைதேர்ந்த 70 கிலோ வீரர் 28 லிட்டர் போர்டிலேயே சமாளித்துவிடுவார். ஒரே எடை, பாதிக்கும் குறைவான போர்டு. வித்தியாசம் பழக்கத்தில் இருக்கிறது.

அதனால் முதல் போர்டு 8 முதல் 9 அடி நீளமுள்ள, மேல்பக்கம் மெத்தென்று இருக்கும் ஃபோம் போர்டாக இருக்கட்டும். விழும்போது தலையில் பட்டாலும் கடினமான போர்டு அளவுக்கு அடி பலமாக இருக்காது.

எப்படி ஓட்டப் போறீங்க?

பழகிய பிறகு ஸ்டைலுக்கு ஏற்ப மாத்திக்கலாம். சின்ன அலையில் நிதானமாக, நீண்ட தூரம் சறுக்க ஆசைன்னா 9 அடிக்கு மேல் உள்ள லாங்போர்டு. வேகமாக வளைந்து திரும்பணும்னா ஷார்ட்போர்டு, அதற்கு அலையும் செங்குத்தாக வேணும். இரண்டுக்கும் நடுவே 7 அடி அளவில் போர்டுகள் உண்டு. நேரா 9-ல இருந்து 6-க்குத் தாவாம இதுல கொஞ்ச நாள் ஓட்டுவது நல்லது.

எந்தக் கால் முன்னாடி?

இடது கால் முன்னால் வைத்தால் 'ரெகுலர்'. வலது என்றால் 'கூஃபி'. பனிச்சறுக்கு போர்டிலும் இதே பெயர்தான். கண்டுபிடிக்க, பின்னாலிருந்து உங்களை லேசாகத் தள்ளச் சொல்லுங்க. தடுமாறி எந்தக் கால் முதலில் முன்னே வருதோ, பெரும்பாலும் அதுதான் முன்கால். இடதுகைப் பழக்கத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க.

போர்டோடு உங்களை இணைக்கும் கயிறுதான் 'லீஷ்'. அதைப் பின்கால் கணுக்காலில் கட்டணும். கயிறு ஏறக்குறைய போர்டின் நீளம் இருக்கணும். ரொம்பக் குட்டையா இருந்தா விழும்போது போர்டு உங்க மேலேயே திரும்பி வரும்.

ஆனா லீஷ் உயிர் காக்கும் கருவி இல்லை. அது அறுந்தால் கரைக்கு வர நீச்சல் தெரிஞ்சிருக்கணும். குற்றாலத்தில் தண்ணீர் வரத்து கூடினால் போலீஸ் தடை போட்டு வெளியேற்றிவிடும். கடலில் அப்படி ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்கமாட்டார். நீச்சல் தெரியாதவர்கள் போர்டு தேடுவதற்கு முன் அதைக் கத்துக்கணும்.

எப்போ போகலாம்?

இங்கே ஒரு முரண். குற்றாலத்தில் சாரல் தரும் அதே தென்மேற்குப் பருவமழைதான் ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும் நாட்கள் வர்க்கலாவில் புதியவர்களுக்கு ஏற்றதல்ல. மழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் முதல் மார்ச் வரை போவது நல்லது.

வாங்கணுமா, வாடகையா?

தென்காசிக்காரர்களுக்கு வாடகைதான் சரி. 9 அடி போர்டை பஸ்ஸில் ஏற்ற முடியாது, வருஷத்தில் நாலைந்து நாள் ஓட்ட அதை வீட்டில் வைத்திருப்பதும் வீண். பயிற்சி தரும் இடங்களிலேயே போர்டும் கொடுப்பார்கள். அப்போது எடையைச் சொல்லி, 'இது எத்தனை லிட்டர்'னு கேளுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கியே தீருவேன் என்பவர்கள் விரிசல், மஞ்சள் கறை, அமுக்கினால் உள்வாங்கும் இடம் மூன்றையும் பாருங்க. இவை தண்ணீர் உள்ளே இறங்கியதற்கான அடையாளமாக இருக்கலாம். ஒரே அளவுள்ள வேறு போர்டை விட கனமாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம்.