ஜீ.ஆர்.ஈ. மொழிப்பகுதி: சொற்பட்டியலை மனனம் செய்தால் போதுமா?

மொறட்டுவையிலோ பேராதனையிலோ பொறியியல் முடித்து, அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஜீ.ஆர்.ஈ. பரீட்சையின் கணிதப் பகுதி பெரிய தலைவலி அல்ல. உயர்தரத்தில் இணைந்த கணிதத்தோடு மல்லுக்கட்டியவர்கள். ஆங்கில மொழிப்பகுதிதான் புள்ளியைக் கீழே இழுக்கிறது. கட்டணமோ டொலரில். இரண்டாம் முறை எழுத எல்லா வீடுகளுக்கும் வசதி இல்லை.

சில வருடங்களாக இப்பகுதியைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நீண்ட சொற்பட்டியலோடுதான் வருகிறார்கள். சொல் தெரியவேண்டும்தான். ஆனால் வினா கேட்பது வாக்கியத்தின் போக்கை.

ஆறு சொற்களில் இரண்டைத் தெரிவுசெய்யும் வினாவை எடுத்துக்கொள்வோம். தமிழிலேயே பார்க்கலாம்: “ஊரார் அவரைச் செலவாளி என்றே நினைத்தனர், ஆனால் வீட்டுக் கணக்கோ அவர் ____ என்று காட்டியது.” தெரிவுகள்: ஏழை, ஊதாரி, சிக்கனமானவர், நேர்மையானவர், வீண்செலவுக்காரர், செட்டானவர்.

‘ஊதாரி’யும் ‘வீண்செலவுக்காரரும்’ நல்ல சோடி. ஆனால் ‘ஆனால்’ என்ற சொல் அவற்றை வெட்டிவிடுகிறது. ‘ஏழை’ வாக்கியத்தில் பொருந்தும், அதற்குச் சோடி இல்லை. மிஞ்சுவது சிக்கனமானவரும் செட்டானவரும். இரண்டும் சரியாக இருந்தால்தான் புள்ளி. ஒன்றுக்குப் பாதிப் புள்ளி கிடையாது. ஆகவே தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, கீறிட்ட இடத்துக்கு முதலில் உங்கள் சொல்லைப் போடுங்கள். தமிழ்ச் சொல் வந்தாலும் பரவாயில்லை. பிறகு தெரிவுகளைப் பாருங்கள்.

கிரகித்தல் வினாக்களில் நம்மவர்களைக் கவிழ்ப்பது பொது அறிவு. உலகத்தில் உண்மையான கூற்று, பந்தியில் இல்லையென்றால் பிழையான விடைதான். பந்தி ‘சிலர்’ என்கையில் விடை ‘அனைவரும்’ என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

2023 செப்டெம்பரில் பரீட்சை சுருக்கப்பட்ட பிறகு மொழிப்பகுதி இரண்டு பிரிவுகள்: 18 நிமிடத்தில் 12 வினா, 23 நிமிடத்தில் 15 வினா. முதற் பிரிவில் செய்வதைப் பொறுத்தே இரண்டாவதன் கடினம் அமையும். ஒரு பிரிவுக்குள் வினாவைக் குறித்துவைத்துத் திரும்பி வரலாம். நீண்ட பந்தியைப் பின்னுக்குத் தள்ளி, கீறிட்ட இடங்களை முதலில் முடிக்கச் சொல்வது என் வழக்கம். பிழைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள். வெறுமையாக எதையும் விடவேண்டாம்.

இன்னொன்று, பணம் கட்டமுன். சில பல்கலைக்கழகத் துறைகள் இப்போது இந்தப் புள்ளியைக் கேட்பதே இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் துறை கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்.