ஸ்ரீவைகுண்டத்து மண்கோட்டை

கோட்டை என்றதும் செஞ்சியும் வேலூரும் உங்கள் நினைவுக்கு வரும். தாமிரபரணியின் வடகரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த கோட்டையோ போருக்காக எழுந்ததன்று. அது சில குடும்பங்களின் குடியிருப்பு, சுற்றிலும் மண்மதில். உள்ளே வாழ்ந்த வேளாளரைக் கோட்டைப் பிள்ளைமார் என்று ஊரார் அழைத்தனர்.

அங்கே ஒரு கடுமையான வழக்கம் நிலவியது. ஆடவர் வெளியே சென்று வந்தனர். பெண்டிர் மதிலைத் தாண்டுவதில்லை. அயல் ஆடவர் உள்ளே நுழைவதில்லை. மணவினையும் அச்சில குடும்பங்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் இவர்களைக் குறித்திருக்கின்றார். நடைதூரத்தில் பொருநை ஓட, அதில் ஒருமுறையேனும் காலை நனைக்காமல் முதுமை எய்திய பெண்களை எண்ணிப் பாருங்கள். கள்ளபிரான் கோயில் தேரோட்டமும் அவர்களுக்குச் செவிச்செய்திதான்.

இவ்வழக்கம் எவ்வாறு நிலைத்தது? விடை ஆற்றிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பெற்றது. அதன் வடகாலும் தென்காலும் நெல்லையும் வாழையையும் வளர்க்கின்றன. நன்செய் உடையவர் வீட்டுப் பெண்கள் வயலுக்குப் போகவேண்டியதில்லை. அவர்களை உள்ளே நிறுத்துவது இயன்றது. அவ்வயல்களில் நாற்று நட்ட பெண்களுக்கு மதில் எழுப்ப ஒருவரும் முன்வரவில்லை! மானிடவியலாளர் கமலா கணேஷ் இச்சமூகத்தை ஆராய்ந்து 1993-இல் நூல் வெளியிட்டார். சாதி எல்லையும் பெண்ணின் எல்லையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்ததை அதில் விளக்குகின்றார். கல்லூரி மாணவர் அதைத் தேடிப் படிக்கலாம்.

மண்மதிலுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சேறு குழைத்துப் பூசினால்தான் நிற்கும். பூசுவாரின்றேல் தானே கரையும். கல்வியையும் தொழிலையும் நாடிக் குடும்பங்கள் வெளியூர் சென்றபோது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வழக்கமும் தளர்ந்தது, மதிலும் தளர்ந்தது. அரண்மனை காணும் எண்ணத்துடன் செல்வோர் ஏமாறுவர். கைலாசநாதர் கோயிலையும் அணையையும் கண்டபின் அத்தெருக்களில் மெல்ல நடந்து செல்லுங்கள். மாலையில் பள்ளி விட்ட சிறுமியர் மிதிவண்டியில் ஆற்றுப்பாலத்தின் மேல் விரைவதையும் காணலாம்.