தழும்பை மறைக்காதீர்கள்

சென்ற வருடம் கல்முனைக்குடியில் வீடு வீடாகப் போனபோது ஒரு மாமி பாயில் சுருண்டு கிடந்தார். "வாயுதான் மகள், ஓமம் அவிச்சுக் குடிச்ச" என்றார். வலி விட்டு விட்டு முறுக்கியது. வாந்தி பச்சையாக வந்தது. இரண்டு நாளாக மலமும் இல்லை, காற்றும் பிரியவில்லை. பக்கத்து வீட்டு மூத்தம்மா பேதிக்கு ஆமணக்கெண்ணெயோடு வந்து நின்றார்.

"முன்னம் வயிற்றில் ஒப்பரேசன் செய்ததா?" என்று கேட்டேன். இல்லை என்றார். உடுப்பு மாற்ற உதவியபோதுதான் தொப்புளுக்குக் கீழே நீண்ட தழும்பைக் கண்டேன். 1990இல் ஷெல் பட்ட காயம். சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து மறைக்கத் தொடங்கியவர், போர் முடிந்த பிறகும் மறைத்தே வந்திருக்கிறார்.

சகோதரிகளே, வயிற்றைத் திறந்து செய்த எந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகும், சிசேரியன் உட்பட, உள்ளே குடல்கள் ஒட்டி நார்போல் இறுகலாம். பல வருடம் கழித்தும் அது குடலை அடைக்கலாம். சிறுகுடல் அடைப்புக்கு மிகப் பொதுவான காரணம் இதுதான்.

ஆற்றுவாயை மண் மூடினால் தண்ணீர் தேங்கிக் கெடுவதைப் பார்த்திருக்கிறோம். குடலும் அப்படியே. சிறுகுடலின் மேற்பகுதியில் சாதாரணமாகப் பற்றீரியாக்கள் குறைவு. இரைப்பை அமிலமும் குடலின் ஓயாத அசைவும் அவற்றைப் பெருக விடுவதில்லை. ஓட்டம் நின்றதும் தேங்கிய நீரில் அவை கோடிக்கணக்கில் பெருகுகின்றன. நாட்பட்டால் வாந்தி மலநாற்றம் எடுப்பது இதனால்தான். குடல் முறுகி இரத்தவோட்டமும் நின்றால் சுவர் அழுகி, கிருமியும் நஞ்சும் உடம்பில் பரவும். விட்டு விட்டு வந்த வலி ஓயாத வலியாக மாறுவதும் காய்ச்சல் வருவதும் அதன் அடையாளங்கள். பேதிமருந்து இந்த அடைப்பைத் திறக்காது, ஆபத்தையே கூட்டும்.

அந்த நீரிலுள்ள நஞ்சே ஆளைக் கொல்கிறது என்று ஒரு காலத்தில் பல வைத்தியர்கள் நம்பினார்கள். 1912இல் ஹார்ட்வெல், ஹோகெட் என்ற அமெரிக்க வைத்தியர்கள், அடைப்புள்ள நாய்களுக்கு உப்புநீர் ஏற்றினால் அவை நெடுநாள் உயிரோடிருப்பதைக் காட்டினார்கள். உடம்பு நீரிழப்பதும் கொல்கிறது என்பது அதில் தெளிவாயிற்று. 1930களில் வாங்கன்ஸ்டீன் என்பவர் மூக்குவழிக் குழாயால் தேங்கிய நீரை உறிஞ்சியெடுக்கும் முறையைப் பரப்பினார். இன்றும் முதலில் செய்வது இந்த இரண்டும்தான். பலருக்கு ஒப்பரேசன் இல்லாமலே அடைப்பு விடுகிறது.

"மூக்கால குழாய் போட்டா மௌத்துதான்" என்று மாமி அழுதார். ஆண் வைத்தியர் வயிற்றைப் பார்ப்பதற்கும் சம்மதிக்கவில்லை. பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி கேட்டோம், நின்றார். அதை யாரும் கேட்கலாம். பழைய காயத்தைப் பற்றி வைத்தியரிடம் மாமியே சொன்னார்.

மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். காற்றுப் பிரிந்துவிட்டதாம், வெட்கத்தோடு என் காதில் சொன்னார்.