"மூச்சு விடாதே!"

வில்லியனூரில் ஒரு தாய் மகனிடம் இப்படிச் சொன்னால், அவன் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை, வாயைப் பொத்திக்கொள்கிறான். "வெளியே சொல்லிவிடாதே" என்பதுதான் அதன் பொருள்.

ஸ்பெயின் நாட்டிலும் இதே கதைதான்!

மூச்சு விடுவதற்கு ஸ்பானிய மொழியில் 'ரெஸ்பிரார்' என்று பெயர். ஒருவன் 'ரெஸ்பிரார்' செய்யவில்லை என்றால், அவன் வாயே திறக்கவில்லை என்றும் பொருள். வேலை அதிகமானால், அதற்குக்கூட நேரமில்லை என்பார்கள். நடவு நாளில் பாகூர் வயலில் கேட்டுப் பாருங்கள். "மூச்சு விட நேரமில்லை" என்ற பதில்தான் வரும்!

"வந்தேன்" என்றால், வந்தது 'நான்' என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? அந்த மொழியிலும் அப்படியே. 'ரெஸ்பிரோ' என்றால் 'நான் மூச்சு விடுகிறேன்'. 'ரெஸ்பிராஸ்' என்றால் 'நீ மூச்சு விடுகிறாய்'. வால்தான் மாறுகிறது.

இந்தச் சொல் புதுவைக்கு அந்நியம் அல்ல. ஸ்பானியமும் பிரெஞ்சும் லத்தீன் மொழிக்குப் பிறந்த சகோதரிகள். பிரெஞ்சில் இதுவே 'ரெஸ்பிரே'. பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1-ந் தேதி கைமாறியது. 'கொம்யூன்' என்ற சொல்லை மட்டும் நம் ஊர்கள் இன்னும் விடவில்லை.

லத்தீனில் மூச்சுக்கும் ஆவிக்கும் ஒரே சொல். நம் பழந்தமிழிலும் 'உயிர்த்தல்' என்றால் மூச்சு விடுதல்.

ஓர் எழுத்தில் உயிர்!

'எஸ்பிரார்' என்றால் மூச்சை வெளியே விடுவது. 'எக்ஸ்பிரார்' என்றால் உயிரையே விடுவது! பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். எழுதும்போது கவனம் வேண்டும்.

நம்மிடமும் ஒரு பொல்லாத சொல் உண்டு. புதுவைக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சில் உறவினர் இருக்கிறார்கள். அங்கே போன பாட்டி, "மூச்சு வாங்குது" என்கிறாள் என்று வையுங்கள். தமிழ் சரியாகத் தெரியாத பேரன், "பாட்டி மூச்சை உள்ளே வாங்குகிறாள்" என்று டாக்டரிடம் சொன்னால் என்ன ஆகும்? "நல்லதுதானே!" என்பார் டாக்டர். பாட்டியோ திணறிக்கொண்டிருப்பாள்!

இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது ஆபத்து. "மே பால்தா எல் அயிரே" என்பார் ஸ்பானியர். "எனக்குக் காற்று போதவில்லை" என்று அர்த்தம். பிரெஞ்சிலும் இப்படிச் சொல்வது உண்டு. பேரனுக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி வைத்தால், டாக்டர் உடனே எழுந்து வருவார்.