அடுத்தடுத்து இரண்டு திருவிழா

கல்யாணச் சாப்பாடு ருசியானதுதான். ஆனால் காலையில் ஒரு கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் இன்னொரு கல்யாணத்தில் இலை முன் உட்கார நேர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது பாயசத்தின் மீது ஆயிரம் குறை சொல்வார்கள். பாயசத்தில் குற்றம் ஒன்றும் இராது. குற்றமெல்லாம் வயிற்றில் இருக்கும்.

அந்நிய தேசங்களுக்கு யாத்திரை போகும் நம் குடும்பங்கள் களியாட்டத் தோட்டங்களைப் பார்க்கும் விஷயத்திலும் இதுவே நடக்கிறது. ராட்டினமும் மலை ரெயிலும் வாணவேடிக்கையும் நிறைந்த ஒரு தோட்டத்தை இன்று பார்க்கிறார்கள். அதே ராட்டினமும் மலை ரெயிலும் உள்ள இன்னொன்றை நாளை பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் குழந்தைக்கு ஜுரம், தாயாருக்குக் கால் வீக்கம், தகப்பனாருக்குப் பணப்பையைத் திறந்து பார்க்கவே மனமில்லை. வருஷக்கணக்காய்ச் சேர்த்த பணத்தில் ஒருமுறை போகிற பிரயாணம் அது. அதில் இரண்டாவது தோட்டம் வீணாவது மட்டுமல்ல, முதல் தோட்டத்தின் இனிய நினைவையும் அது அழித்துவிட்டுப் போகிறது என்பதுதான் பெரிய நஷ்டம்.

இந்தச் சங்கடத்துக்கு எடுத்துக்காட்டாகவும், பரிகாரமாகவும் அமைந்த ஓர் ஊர் உண்டு. டென்மார்க் தேசத்துத் தலைநகரமான கோபன்ஹேகனைத்தான் சொல்லுகிறோம். அங்கே ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லாமல் இரண்டு களியாட்டத் தோட்டங்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் டிவோலி, மற்றொன்று பாக்கன். இரண்டும் கிழட்டுத் தோட்டங்கள். இரண்டிலும் ராட்டினங்கள், இரண்டிலும் மரத்தால் கட்டிய பழைய மலை ரெயில், இரண்டிலும் வெள்ளை முகம் பூசிய பியரோ என்னும் கோமாளி. பார்க்கப் போனால் ஒன்றைப் பார்த்தவர்கள் மற்றொன்றைப் பார்க்க வேண்டியதே இல்லை என்று தோன்றும். அப்படி நினைத்துத் திரும்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாக்கியம் குறைந்தவர்கள் என்பது நமது அபிப்பிராயம்.

பாக்கனின் கதை 1583-ல் தொடங்குகிறது. நகரத்துக்கு வடக்கே காட்டில் கிர்ஸ்டன் பீல் என்ற பெண்மணி ஒரு நீரூற்றைக் கண்டாள் என்றும், அதன் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று ஜனங்கள் நம்பி வந்தார்கள் என்றும் சொல்லுகிறார்கள். ஊற்றைத் தேடி ஜனங்கள் வந்தால், ஜனங்களைத் தேடிக் கடைக்காரன் வருவான். அவன் பின்னாலேயே வித்தைக்காரனும் பொம்மலாட்டக்காரனும் வருவார்கள். கோவில் குளத்தருகே நம் ஊரில் திருவிழாக் கடைகள் முளைக்கிற கதைதான். 1669-ல் ராஜா மூன்றாம் பிரெடரிக் அந்தக் காட்டை வேலி போட்டு மான் வேட்டைக்கு வைத்துக்கொண்டான். ஐந்தாம் பிரெடரிக் 1756-ல் அதை மறுபடியும் ஜனங்களுக்குத் திறந்துவிட்டான். இன்றைக்கும் அந்தக் காட்டில் சுமார் 2,000 மான்கள் திரிகின்றன. பாக்கன் என்றால் மேடு என்று பொருள். பெயரில்கூட ஆடம்பரம் இல்லை.

டிவோலியோ நகரத்துப் பிள்ளை. பெரிய ரெயில்வே ஸ்டேஷனுக்கு எதிரிலேயே, சுமார் இருபது ஏக்கர் நிலத்தில் இருக்கிறது. 1843-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி ஜார்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர் அதைத் திறந்தார். ஜனங்கள் வேடிக்கையில் ஈடுபட்டிருந்தால் ராஜாங்க விஷயங்களைப் பற்றி யோசிக்க மாட்டார்கள் என்று எட்டாம் கிறிஸ்தியன் ராஜாவிடம் எடுத்துச் சொல்லி அவர் அனுமதி வாங்கினார் என்று ஒரு வரலாறு உண்டு. ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை! பழைய கோட்டை மதிலுக்கு வெளியே அவருக்கு இடம் கிடைத்தது. தோட்டத்தின் நடுவே பூக்கள் சூழ்ந்து அழகாகத் தெரியும் ஏரி, அந்தக் கோட்டையின் அகழியில் மிஞ்சிய பகுதிதான்.

ராஜாவின் கணக்கு ஒரு விதத்தில் தவறிப் போயிற்று. வேடிக்கைத் தோட்டமே ஜனங்களின் மானத்துக்கு அடையாளமாகி விட்டது. ஜெர்மானியர் டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்த காலத்தில், 1944 ஜூன் மாதம், நாஜிகளுக்குத் துணை நின்ற கூட்டத்தார் டிவோலிக்கு வெடி வைத்தார்கள். சங்கீத மண்டபம் எரிந்து போயிற்று. எதிர்ப்பு இயக்கத்துக்குப் பழி வாங்குவதற்கு, டேனிஷ் ஜனங்கள் எதை நேசித்தார்களோ அதையே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்தக் கோடையிலேயே டிவோலி மறுபடி திறந்தது. புது மண்டபம் 1956-ல் எழுந்தது. இதற்கிடையில், 1951-ல், வால்ட் டிஸ்னி இங்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் அவருடைய டிஸ்னிலாண்டு 1955-ல் பிறந்தது.

இனி, அலுக்காமல் இரண்டையும் பார்ப்பது எப்படி என்ற விஷயத்துக்கு வருவோம்.

களைப்புக்குக் காரணம் நடை மட்டுமல்ல. முதல் முறை உயரத்திலிருந்து சரியும்போது நெஞ்சு பதறுகிறது. பத்தாவது முறை கொட்டாவி வருகிறது. பயமும் ஆச்சரியமும் சீக்கிரம் பழகிப் போகிற சரக்குகள். இதன் மேல், கொடுத்த பணத்துக்குப் பழுதில்லாமல் எல்லாவற்றிலும் ஏறி இறங்கிவிட வேண்டும் என்ற கணக்கு வேறு. குடும்பத்தைக் கொல்லுவது இந்தக் கணக்குத்தான்.

ஆகையால் முதலில் டிவோலி, பிறகு பாக்கன் என்று வைத்துக்கொள்ளும்படி யோசனை சொல்லுவோம். டிவோலியில் வாசலிலேயே கட்டணம் உண்டு. ராட்டினங்களுக்குத் தனியே சீட்டு வாங்க வேண்டும், அல்லது நாள் முழுவதற்கும் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று வாங்கலாம். பாக்கனிலோ நுழைவதற்குக் காசில்லை. ஏறுகிற ராட்டினத்துக்குக் கொடுத்தால் போதும். களைத்த உடம்போடு போகிற இரண்டாவது இடம், அரை மணியில் எழுந்து வந்தாலும் நஷ்டம் என்று தோன்றாத இடமாயிருக்க வேண்டும். பணம் கட்டிய இடத்திலிருந்து பாதியில் எழுந்து வருவது நம்மவர்களுக்குச் சாத்தியமில்லை என்பதை எல்லோரும் அறிவார்கள். கைப்பட்டை வாங்குவதானால் டிவோலியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிவோலிக்குக் காலையிலேயே ஓட வேண்டாம். பிற்பகல் நாலு மணிக்கு மேல் போவது உத்தமம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் அஸ்தமிக்க இரவு பத்து மணி ஆகிவிடும். அதன் பிறகு ஆயிரக்கணக்கான விளக்குகள் ஏரித் தண்ணீரில் தெரியும் காட்சிக்குத்தான் டிவோலி பேர்போனது. காலையிலிருந்து சுற்றிய குழந்தை அந்நேரத்தில் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். 2006-ல் அமைத்த 80 மீட்டர் உயரக் குடை ராட்டினம் வாலிபர்களுக்கு. பாட்டிமார்களுக்கு 1874-ல் கட்டிய மௌன நாடக அரங்கம் இருக்கிறது. மயில் தோகை விரித்தாற் போன்ற அதன் திரையைப் பார்ப்பதே ஒரு தனி இன்பம். நாடகத்தில் வசனம் கிடையாது. டேனிஷ் பாஷை தெரியாதவர்களுக்கு இதைவிட அநுகூலம் வேறென்ன வேண்டும்!

மறுநாள் எந்தத் தோட்டமும் வேண்டாம். துணி துவைக்கலாம், கடிதம் எழுதலாம், கையோடு கொண்டு போன புளிக்காய்ச்சலுக்கு அன்றைக்குத்தான் மரியாதை.

மூன்றாம் நாள் கிளாம்பென்போர்க் என்னும் ஸ்டேஷனுக்கு ரெயில் ஏறினால் இருபது நிமிஷத்துப் பிரயாணம். ஸ்டேஷனுக்கு ஒரு புறம் கடற்கரை, மறு புறம் மான் காடு. பாக்கனுக்கு நடந்தும் போகலாம், குதிரை வண்டியிலும் போகலாம். அவசரம் வேண்டாம். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்கலாம். மான்களைப் பார்த்துத் திரும்பி வந்த குழந்தைகள் ராட்டினத்தைக் கேட்டால் அப்போது அழைத்துப் போனால் போதும்.

அங்கே எல்லாவற்றிலும் ஏறுவதை விட்டு, ஒன்றை மட்டும் ஒத்துப் பார்க்கும்படி குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள்: மர மலை ரெயிலை. டிவோலியில் இருப்பது 1914-ல் கட்டியது. பாக்கனில் உள்ளது 1932-ல். டிவோலியில் இன்றும் வண்டியிலேயே பிரேக் பிடிக்கும் ஆள் ஒருவர் உட்கார்ந்து வருகிறார். சரிவில் எவ்வளவு வேகம் என்பது அவர் கையில். பாக்கனில் 2010 வரையில் அப்படி ஆள் இருந்தார்; பிறகு வந்த புது வண்டிகளில் இல்லை. எது மேல் என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். நம்மைக் கேட்டால் டிவோலிக்காரர் பக்கந்தான் சேருவோம். யந்திரத்துக்கு மனிதர் முகத்தைப் பார்த்து இரங்கத் தெரியாது. பியரோவையும் இவ்விதமே பார்க்கலாம். டிவோலி மேடையில் அவன் மௌன நாடகத்துப் பாத்திரம். பாக்கனில் குழந்தைகள் நடுவே நின்று பேசிச் சிரிக்க வைக்கிறவன்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இந்த யோசனை ஒன்றும் தேவைப்படாது. அப்போது பாக்கன் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். டிவோலியோ, 1994 முதல், கிறிஸ்துமஸுக்காக விளக்கேற்றி வைத்திருக்கிறது. கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.