காரின் மெருகு கெடாதிருக்க

புதிய கார் வாங்கி ஓராண்டு சென்றபின், காலை வெயிலில் அதன் பானட்டைச் சற்றுச் சாய்வாக நோக்குவோமாயின், சிலந்திவலை போன்ற மெல்லிய கோடுகள் கதிரவனின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாக மின்னுவதைக் காண்போம். உடனே, பெயிண்ட் மட்டமானது என்று கம்பெனியைக் குறைகூறுகிறோம். அல்லது, விடியற்காலையில் கார் கழுவ வரும் பையனைக் கடிந்துகொள்கிறோம். உண்மையில் அக்கோடுகளுள் பெரும்பாலானவை, புழுதியை அகற்றாமலே துணியை மேலே வைத்ததால் விளைந்தவை.

இக்காலக் கார்களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற மேற்பூச்சு ஒன்று இடப்படுகிறது. பளபளப்பைத் தருவது அதுவே. அதன் கனம் பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான்தான். சாதாரணத் தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கூட இல்லை. நம் தெருப்புழுதியிலோ மணல் மிகுதி. மணலில் நிறைந்துள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் கண்ணாடியையே கீறவல்லது. எனவே புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். புழுதி தானாக இருக்கும்வரை பெரிய தீங்கு செய்வதில்லை. அழுத்தி இழுக்கும்போதுதான் கீறுகிறது. நேரமும் நீரும் இல்லாத நாளில் காரைத் தொடாமல் விட்டுவிடுவதே நன்று. இதைச் சோம்பேறித்தனம் என்று எவரும் சொல்லட்டும்!

கழுவும் நாளில் காரை நிழலில் நிறுத்தி, தகடு சூடாறிய பிறகு, முதலில் கைபடாமல் நீரை மட்டும் ஊற்றவேண்டும். ரப்பர்க் குழாய் இல்லாவிடில் செடிக்கு நீர் தெளிக்கும் பூவாளியே போதும். கூரையிலிருந்து தொடங்கினால் மணல் கீழ்நோக்கி வழிந்துவிடும். அடுத்து, இரண்டு வாளிகள் தேவை. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். ஷாம்பு நீரில் தோய்த்த துணியால் ஒரு பகுதியைத் துடைத்ததும், அத்துணியை வெறும் நீரில் அலசிப் பிழிந்த பின்னரே மீண்டும் ஷாம்பு நீரில் இடவேண்டும். சில நிமிடங்களில் இரண்டாம் வாளியின் அடியில் தங்கியிருக்கும் மணலைப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டாம். மேலே பூசிய மெழுகை அது அகற்றிவிடும். சக்கரங்களுக்குத் தனித் துணி வைத்துக்கொள்க. கையிலிருந்து தரையில் விழுந்த துணியை அலசாமல் மீண்டும் காரில் வைக்கலாகாது.

கார் கழுவ வரும் அந்தப் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில், நாம் விழிப்பதற்குள் ஒரே வாளி நீரையும் ஒரே கந்தலையும் கொண்டு பத்துக் கார்களைத் துடைத்து முடிக்கிறார். முதற்காரின் மணல் பத்தாவது காரையும் கீறுகிறது. மாதத்திற்குச் சில நூறு ரூபாய் தந்துவிட்டு, கீறலுக்கும் அவரையே பொறுப்பாக்குவது முறையாகுமா? நம் காருக்கென்று இரண்டு வாளிகளையும் நல்ல துணிகளையும் நாமே வாங்கிக் கொடுத்து, "தினமும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டாம் தம்பி, வாரம் ஒருமுறை நீர்விட்டுக் கழுவினால் போதும், சம்பளம் குறையாது" என்று சொல்லிவிடலாம்.

இம்முறைக்கு நீர் அதிகம் வேண்டுமே என்பார்கள். குழாயைத் திறந்தபடி விடுவதைக் காட்டிலும், வாளிக் கணக்கில் செலவாவது குறைவே. 2019 கோடையில் சென்னைக்கு நீர்தரும் ஏரிகள் வறண்டதை நாம் மறக்கவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் வாகனம் கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிக்கப்பட்டது.

ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் காரைத் தானாக உலர விடலாகாது. நீர் ஆவியானதும் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெண்புள்ளிகளாகப் படிந்துவிடும். தடித்த மைக்ரோபைபர் துவாலையை ஈரத் தகட்டின்மேல் விரித்து, அழுத்தாமல் ஒரே திசையில் மெல்ல இழுத்தால் நீரை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பறவையின் எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டவேண்டாம். ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடங்கள் போட்டு, ஊறியபின் எடுக்கவேண்டும். துவாலைகளை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைத்து நிழலில் உலர்த்துக. துணியை மென்மையாக்கும் திரவத்தில் அவற்றை முக்கினால் நீரை உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும்.