இரண்டாம் பாகம் எங்கே?
பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எந்தக் கதையை முதலில் கொடுப்பது?

பெங்களூர் சர்ச் தெருவின் பழைய புத்தகக் கடைகளில், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆங்கில நாவல் தேர்ந்தெடுப்பது சிரமமில்லை. 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வந்த ஹாரி பாட்டர் இருக்கிறது. ஒன்றை முடித்தவர்கள் அடுத்ததைத் தாங்களே தேடிக்கொள்வார்கள். பெற்றோர் தடுமாறுவது தமிழ்ப் புத்தகம் வாங்கும்போதுதான்.

இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்களே என்று பாலர் கதையைக் கொடுத்தால், குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 2022லும் 2023லும் வந்த படங்களைப் பார்த்த சூட்டில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் நீட்டினால், முதல் பாகத்திலேயே மூச்சு வாங்குகிறது. கல்லூரி, வேலை என்று போன பிறகு எழுத்துக் கூட்ட யாரும் உட்காருவதில்லை.

இதற்குத் தோதானவை வரிசையாக வரும் கதைகள். பாத்திரங்களும் நடையும் பழகிவிட்டால் இரண்டாவது புத்தகம் அவ்வளவு மிரட்டாது. ஆரம்பத்துக்கு காமிக்ஸ் போதும். 1972ல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி போன்ற கதைகளில், தெரியாத சொல்லுக்குப் படமே அர்த்தம் சொல்லிவிடும்.

அடுத்தது சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றவர். எண்பதுகளில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ, புத்தகம் படிக்கும் இயந்திர நாய். வாக்கியங்கள் சிறியவை, கதை வேகமானது. தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ'வும் உண்டு. அவரது கணேஷ்-வசந்த் நாவல்களுக்கு மட்டும் நிதானம் தேவை. கொலைகளும் வசந்தின் குறும்புப் பேச்சும் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை. பெற்றோர் முதலில் புரட்டிப் பார்த்துவிட்டு, பதினாறு வயதுக்குப் பிறகு கொடுக்கலாம்.

கல்கி அதற்கப்புறம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த தொடர். எனவே மொத்தமாக விழுங்க வேண்டியதில்லை. இரவில் ஓர் அத்தியாயத்தைப் பெற்றோர் உரக்கப் படித்தால், அடுத்ததைப் பிள்ளை படிக்கலாம்.

காசு கொடுத்து வாங்குமுன் பார்க்க, அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. இரண்டு பக்கம் படித்துப் பார்த்துப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்டுவிட்டால், பெற்றோர் இனி வற்புறுத்த வேண்டியதில்லை.